குறை சொன்னவர்களிடம் உமர் (ரலி) அவர்கள் நடந்துகொண்ட விதம்

 



காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை வரை நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வேலையில் இருக்கிறோம். ஒருவர் கடையில், ஒருவர் அலுவலகத்தில், ஒருவர் மதரஸாவில், ஒருவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில். பாடுபட்டுச் செய்த வேலையில் ஒருவர் வந்து ஒரு குறை சொல்லிவிட்டால் போதும், அன்று இரவு தூக்கம் வருவதில்லை. மேலதிகாரி சொன்னால் அவருக்கு என்னைப் பிடிக்காது என்கிறோம். கூட வேலை செய்பவர் சொன்னால் பொறாமை என்கிறோம். நமக்குக் கீழே இருப்பவர் சொன்னால் திமிர் என்கிறோம். வாடிக்கையாளர் சொன்னால் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறோம்.

சற்று யோசித்துப் பாருங்கள். நால்வரும் சொன்னது ஒரே குறையாக இருக்கலாம். அந்தக் குறை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நால்வருக்கும் ஒவ்வொரு பெயர் வைத்துவிட்டு, அவர்கள் சொன்ன விஷயத்தை மட்டும் நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

இந்த விஷயத்தில் நமக்குப் பாடமாக இருக்கக்கூடிய ஒருவருடைய வாழ்க்கையை இன்று பார்க்கப் போகிறோம். அவர்கள்தான் இரண்டாம் கலீஃபா உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள்.

சுபாவத்திலேயே கடினமானவர்

உமர் (ரலி) அவர்கள் மக்காவில் குறைஷிகளின் பனூ அதீ கிளையில் பிறந்தவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்த அந்த ஊரில் எழுதப் படிக்கக் கற்றவர்கள். இளமையில் தந்தை கத்தாபுடைய ஒட்டகங்களை மேய்த்தார்கள். அந்தத் தந்தை கடுமையானவர். பிற்காலத்தில் கலீஃபாவாக மக்காவுக்கு அருகிலுள்ள ளஜ்னான் என்ற இடத்தைக் கடந்து சென்றபோது, இங்கேதான் தந்தைக்காக ஒட்டகம் மேய்த்ததையும், அவர் வேலை வாங்கிக் களைப்படையச் செய்ததையும், குறை வைத்தால் அடித்ததையும் உடன் வந்தவர்களிடம் நினைவுகூர்ந்தார்கள்.

ஆக, குறை என்றாலே அடி என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். உயரமான, வலிமையான உடல். உரத்த குரல். சட்டென்று வரும் கோபம். இஸ்லாத்திற்கு வருவதற்கு முன்பு முஸ்லிம்களிடம் அவர்கள் காட்டிய கடுமை எல்லோரும் அறிந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இயல்பிலேயே மென்மையான ஒருவர் விமர்சனத்தைப் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னால், அது அவருடைய குணம், நமக்கு அது வராது என்று நாம் ஒதுங்கிவிடுவோம். உமர் (ரலி) அவர்களுக்கும் அது தானாக வரவில்லை. அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

தாமே கேள்வி கேட்ட நாள்

எங்கே கற்றார்கள்? நபி (ஸல்) அவர்களிடம்தான்.

ஹிஜ்ரி 6-ம் ஆண்டு, அதாவது கி.பி. 628-ல், ஹுதைபிய்யா உடன்படிக்கை ஏற்பட்டது. உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும். மக்காவிலிருந்து முஸ்லிமாகி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த நிபந்தனைகள் உமர் (ரலி) அவர்களுக்குத் தாங்க முடியவில்லை. நேராக நபி (ஸல்) அவர்களிடமே சென்றார்கள். நாம் சத்தியத்தில் இருக்கும்போது நம் மார்க்கத்தில் ஏன் இந்தத் தாழ்வை ஏற்க வேண்டும் என்ற கருத்தில் அடுக்கடுக்காகக் கேட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கோபப்படவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் அங்கிருந்து அபூபக்கர் (ரலி) அவர்களிடம் போய் அதே கேள்விகளைக் கேட்டார்கள். அங்கும் அதே பதில் கிடைத்தது. பிறகு அல்ஃபத்ஹ் அத்தியாயம் இறங்கியபோது நபி (ஸல்) அவர்கள் உமர் (ரலி) அவர்களை அழைத்து அதை ஓதிக் காட்டினார்கள்.

அன்று அப்படிப் பேசியதற்காக உமர் (ரலி) அவர்கள் பின்னாளில் மிகவும் வருந்தினார்கள். அதற்குப் பரிகாரமாக நல்லமல்கள் பல செய்தார்கள். ஆனால் அந்த நாள் அவர்களுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. கேள்வி கேட்பவன் எல்லாம் எதிரி அல்ல. வேலையின் மீதுள்ள அக்கறையும் சில நேரம் கடுமையான சொல்லாக வெளிவரும். தாம் அப்படிப் பேசியிருக்கிறோம், தம்மை நபி (ஸல்) அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

பதவிக்கு முன்பே வந்த விமர்சனம்

ஹிஜ்ரி 13-ல், கி.பி. 634-ல், அபூபக்கர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தபோது தமக்குப் பின் உமர் (ரலி) அவர்களை நியமிக்க முடிவு செய்தார்கள். உடனே ஆட்சேபம் வந்தது. இவ்வளவு கடினமானவரை மக்கள் மீது பொறுப்பாக்கினால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்வீர்கள் என்று சிலர் வந்து கேட்டார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களோ, தாம் மென்மையாக இருப்பதைப் பார்த்துத்தான் உமர் கடுமை காட்டுகிறார், பொறுப்பு அவர் தோளில் ஏறினால் இந்தக் கடுமையில் பெரும்பகுதியை விட்டுவிடுவார் என்று விளக்கினார்கள்.

சகோதரர்களே! வேலையில் சேரும் முதல் நாளே, நீ இதற்குச் சரிப்பட மாட்டாய் என்ற பேச்சு காதில் விழுந்தால் நமக்கு எப்படி இருக்கும்? யார் சொன்னது என்று விசாரிப்போம். அவரை நினைவில் வைத்துக்கொண்டு சமயம் பார்ப்போம்.

உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? பொறுப்பேற்றதும் மிம்பரில் ஏறி அவர்கள் கேட்ட முதல் துஆக்களில் ஒன்று இதைப் பற்றியதுதான். தாம் கடினமானவர் என்பதை மக்கள் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டு, தம்மை மென்மையாக்கும்படி அல்லாஹ்விடம் கேட்டார்கள். தம் பலவீனத்தைச் சொல்லி வலிமையையும், தம் கஞ்சத்தனத்தைச் சொல்லித் தாராளத்தையும் கேட்டார்கள்.

பாருங்கள், மக்கள் பின்னால் பேசிய குறையை அவர்கள் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நம் குறையை நாமே ஒப்புக்கொண்ட பிறகு, அதைச் சுமந்து திரிபவர் யாரும் இல்லை. அதைத் திருத்தும் வேலை மட்டும்தான் மீதி.

அழுத குழந்தையும் மாறிய சட்டமும்

பத்தரை ஆண்டுகள் ஆட்சி செய்தார்கள். எகிப்திலிருந்து ஈரான் வரை அந்த ஆட்சி விரிந்தது. பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்க தீவான் என்ற பதிவேட்டு முறையை ஏற்படுத்தினார்கள். அதில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு விதி இருந்தது. பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் தொகை.

ஒருமுறை மதீனாவின் தொழுகைத் திடலில் ஒரு வணிகக் கூட்டம் வந்து இறங்கியது. உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் அன்றிரவு அவர்களுக்குக் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. உமர் (ரலி) அவர்கள் போய்த் தாயிடம் குழந்தையைக் கவனிக்கச் சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை. மீண்டும் போனார்கள். இரவின் கடைசிப் பகுதியிலும் அழுகை நிற்கவில்லை. மூன்றாவது முறை போய், என்ன தாய் நீ என்று கடிந்துகொண்டார்கள்.

வந்திருப்பவர் யாரென்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் சலிப்போடு காரணத்தைச் சொன்னாள். குழந்தையைப் பால் மறக்கடிக்கப் பார்க்கிறேன், அது மறுக்கிறது, பால் மறந்த குழந்தைக்குத்தானே உமர் தொகை கொடுக்கிறார் என்றாள். குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டபோது அவள் சொன்ன வயது, பால் மறக்கடிக்கும் வயதே அல்ல.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் அழுகை மேலிட்டு அவர்கள் ஓதியதை மக்களால் சரியாகக் கேட்க முடியவில்லை. ஸலாம் கொடுத்ததும், முஸ்லிம்களின் குழந்தைகளில் எத்தனை பேரைத் தாம் அழித்தோமோ என்று தம்மையே நொந்துகொண்டார்கள். பிறகு, குழந்தைகளை அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தவுடனே தொகை உண்டு என்று அறிவிக்கச் செய்தார்கள். எல்லாப் பகுதிகளுக்கும் அதை எழுதி அனுப்பினார்கள். இப்னு ஸஅத் இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அந்தப் பெண் மரியாதையாகச் சொல்லவில்லை. முறையாக மனு கொடுக்கவில்லை. தம் எண்ணம் நல்லது, அதை நீதான் தவறாகப் புரிந்துகொண்டாய் என்று உமர் (ரலி) அவர்கள் வாதாடியிருக்கலாம். அந்த விதி நல்ல எண்ணத்தில் போடப்பட்டதுதான். ஆனால் அதன் விளைவு ஒரு குழந்தையைப் பட்டினி போட்டது. தம் எண்ணத்தைச் சொல்லித் தப்பிக்காமல், விளைவைப் பார்த்து விதியை மாற்றினார்கள். அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் சலுகை கொடுத்து முடித்துவிடவும் இல்லை. அவளைப் போன்ற எல்லோருக்கும் மாற்றினார்கள்.

ஒரு கடிதத்தில் வந்த குறை

இன்னொன்று. பஸராவின் கவர்னராக இருந்த அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஒரு நிர்வாகக் குறையைக் கலீஃபாவுக்கு எழுதினார்கள். உங்களிடமிருந்து வரும் கடிதங்களில் தேதி இல்லை, எது முந்தியது எது பிந்தியது என்று தெரியவில்லை என்பது அதன் சாரம். ஷஃபான் என்று மட்டும் எழுதப்பட்ட ஓர் ஆவணம் வந்தபோது, எந்த ஆண்டின் ஷஃபான் என்ற கேள்வி எழுந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

கீழே இருக்கும் அதிகாரி மேலே இருப்பவருடைய கடிதத்தில் குறை காண்கிறார். உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கூட்டி மஷூரா செய்தார்கள். எந்த நிகழ்வை ஆண்டுக் கணக்கின் தொடக்கமாக வைப்பது என்று பேசி, நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முஹர்ரம் முதல் மாதமானது. அது ஹிஜ்ரி 17-ம் ஆண்டு வாக்கில் நடந்தது.

இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஹிஜ்ரி காலண்டர், ஒரு கவர்னர் சொன்ன குறையைக் கலீஃபா காது கொடுத்துக் கேட்டதால் வந்தது.

கோபம் வந்த இடத்தில் நின்றார்கள்

எல்லா விமர்சனமும் இப்படி நல்ல முறையில் வராது. அநியாயமாகவும் வரும்.

உயைனா இப்னு ஹிஸ்ன் என்ற குலத்தலைவர் மதீனா வந்து தம் சகோதரர் மகன் ஹுர்ரு இப்னு கைஸ் அவர்களிடம் தங்கினார். ஹுர்ரு, உமர் (ரலி) அவர்களின் சபையில் இடம் பெற்றவர். அந்தச் சபையில் முதியவரும் இருந்தார்கள், இளைஞரும் இருந்தார்கள். குர்ஆனைக் கற்றவர் என்பதுதான் தகுதி. ஹுர்ரு மூலம் அனுமதி பெற்று உள்ளே வந்த உயைனா, கலீஃபாவின் முகத்துக்கு நேராக, நீங்கள் எங்களுக்கு அதிகமாகக் கொடுப்பதும் இல்லை, எங்களிடையே நீதமாகத் தீர்ப்பளிப்பதும் இல்லை என்ற குற்றச்சாட்டை வைத்தார்.

நீதிக்குப் பெயர் பெற்றவரைப் பார்த்து நீதி இல்லை என்றார். உமர் (ரலி) அவர்களுக்குக் கடும் கோபம் வந்தது. அவரைத் தண்டிக்கவே நினைத்துவிட்டார்கள். அப்போது ஹுர்ரு குறுக்கிட்டு, மன்னிப்பை மேற்கொள்ளவும், நன்மையை ஏவவும், அறிவீனர்களைப் புறக்கணிக்கவும் அல்லாஹ் தன் நபிக்குக் கட்டளையிட்டதை நினைவூட்டி, இவர் அறிவீனர்களில் ஒருவர் என்றார். அது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 199-வது வசனம். அந்த வசனம் ஓதப்பட்டதும் உமர் (ரலி) அவர்கள் அதைத் தாண்டி ஓர் அடி கூட வைக்கவில்லை என்று புகாரியில் அறிவிக்கப்படுகிறது.

சகோதரர்களே! உமர் (ரலி) அவர்களுக்குக் கோபமே வரவில்லை என்று அறிவிப்பாளர் சொல்லவில்லை. கோபம் வந்தது, நின்றார்கள். நிற்கவைக்கும் ஒருவரைத் தம் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் யாரை வைத்திருக்கிறோம்? அலுவலகத்தில் ஒருவர் நம்மைப் பேசிவிட்டால், நீ சும்மா விடாதே என்று தூண்டுபவர்களா, கொஞ்சம் பொறு என்று கையைப் பிடிப்பவர்களா? கோபத்தில் அந்த இரவே பதில் எழுதி அனுப்பிவிட்டு, காலையில் அதைப் படித்து வெட்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தெரியாததைத் தெரியாது என்றார்கள்

அதே அபூமூஸா (ரலி) அவர்கள் ஒருநாள் உமர் (ரலி) அவர்களைச் சந்திக்க வந்து மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் இல்லை. திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர்கள் என்று பிறகு கேட்கப்பட்டபோது, மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்ததைத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் இதற்குச் சாட்சி கொண்டுவரும்படி கண்டிப்பாகச் சொன்னார்கள்.

அபூமூஸா (ரலி) அவர்கள் கலக்கத்தோடு அன்ஸாரிகளின் சபைக்குப் போனார்கள். இது எங்களில் மிகச் சிறியவருக்குக் கூடத் தெரியுமே என்று அவர்கள், வயதில் சிறியவரான அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களை எழுப்பி அனுப்பினார்கள். அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். நபித்தோழர்களுக்கு இப்படி வேதனை தரலாமா என்று உபை இப்னு கஅப் (ரலி) அவர்கள் கலீஃபாவையே கண்டித்ததாக முஸ்லிமில் வருகிறது.

உமர் (ரலி) அவர்கள் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். நபியின் பெயரால் சொல்லப்பட்ட ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளவே விரும்பினேன் என்பது ஒன்று. இது தம் நோக்கத்தின் விளக்கம். கடைத்தெருவில் வியாபாரத்தில் ஈடுபட்டிருந்ததால் நபியவர்களின் இந்தச் செய்தி தமக்குத் தெரியாமல் போய்விட்டது என்பது மற்றொன்று. இது தம் குறையின் ஒப்புதல்.

விளக்கம் சொல்வது தவறல்ல. ஆனால் நாம் விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம். அவர்கள் விளக்கத்தோடு ஒப்புதலையும் சேர்த்துச் சொன்னார்கள். நம் வேலையில் ஒரு பிழையை ஒரு புதுப் பையன் காட்டிக் கொடுத்தால், ஆமாம், இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல நமக்கு நாக்கு வருகிறதா?

முடிவு சரியாக இருந்தபோது

விமர்சனம் வந்தால் எப்போதும் பணிந்துபோக வேண்டுமா? இல்லை. அதற்கும் உமர் (ரலி) அவர்களிடம் உதாரணம் இருக்கிறது.

அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் போனபோது ஸர்ஃக் என்ற இடத்தில் படைத்தளபதிகள் வந்து சந்தித்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். உள்ளே போவதா, திரும்புவதா? முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸாரிகளிடம் ஆலோசித்தார்கள், அங்கும் அப்படியே. குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில் திரும்பச் சொன்னார்கள். அதையே முடிவு செய்து அறிவித்தார்கள்.

அப்போது ஷாமின் தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று ஆட்சேபித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் மிகவும் நேசித்த தோழர். இதை வேறு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். பிறகு, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்று விளக்கி ஓர் உதாரணம் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கு. அதன் ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வறட்சி. ஒட்டகங்களைச் செழிப்பில் மேய்த்தாலும் வறட்சியில் மேய்த்தாலும் இரண்டும் அல்லாஹ்வின் விதிப்படிதானே?

பிறகு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்தால் அதிலிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

நான் கலீஃபா, நான் சொன்னால் சொன்னதுதான் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒட்டகம் மேய்த்தவர்களுக்குப் புரியும்படி ஒட்டகத்தை வைத்தே காரணம் சொன்னார்கள்.

இராக்கின் விளைநிலங்கள் விஷயத்திலும் அப்படித்தான். அவற்றைப் படைவீரர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று பிலால் (ரலி) அவர்களும் இன்னும் சிலரும் கடுமையாக வற்புறுத்தினார்கள். உமர் (ரலி) அவர்களோ, பங்கிட்டுவிட்டால் பின்னால் வரும் தலைமுறைக்கு என்ன இருக்கும் என்று கவலைப்பட்டார்கள். பிலாலையும் அவர் தோழர்களையும் சமாளிக்க உதவும்படி அல்லாஹ்விடம் துஆ கேட்கும் அளவுக்கு அந்த எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் அவர்களைச் சபையிலிருந்து விலக்கவில்லை. அன்ஸாரிகளில் அவ்ஸிலிருந்து ஐவர், கஸ்ரஜிலிருந்து ஐவர் எனப் பத்துப் பேரை அழைத்து விஷயத்தை முன்வைத்தார்கள். நாட்கள் சில பேச்சு நடந்தது. பின்னால் வருபவர்களையும் சேர்த்துச் சொல்லும் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் வசனங்களை ஆதாரமாக எடுத்து வைத்தார்கள். அதன்பின் சபை ஏற்றுக்கொண்டது. நிலம் பங்கிடப்படாமல் அதன் வரி எல்லோருக்குமானது.

மற்றவர் மீது வந்த புகார்

சகோதரர்களே! நாம் ஒரு பொறுப்பில் இருந்தால், நமக்குக் கீழே இருப்பவர் மீதும் புகார் வரும். அதுவும் ஒரு சோதனைதான்.

உமர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜுடைய காலத்தில் கவர்னர்களை வரவழைத்து, மக்கள் முன்னிலையில் குறைகளைச் சொல்ல வாய்ப்பளித்தார்கள். ஒருமுறை ஒருவர் எழுந்து, தம் கவர்னர் தம்மை 100 அடி அடித்ததாக முறையிட்டார். எழுந்து பழிவாங்கிக்கொள்ளும்படி கலீஃபா சொல்லிவிட்டார்கள். எகிப்தின் கவர்னர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் குறுக்கிட்டு, இப்படிச் செய்தால் கவர்னர்கள் யாரும் வேலை செய்ய முடியாது, இது பின்னால் வருபவர்களுக்கும் வழக்கமாகிவிடும் என்றார்கள். நபி (ஸல்) அவர்களே தம் மீது பழிவாங்க இடம் கொடுத்ததைத் தாம் பார்த்திருப்பதாக உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். அப்படியானால் அவரைச் சமாதானப்படுத்த அனுமதி தாருங்கள் என்று அம்ர் (ரலி) கேட்க, அதையும் ஏற்றார்கள். ஓர் அடிக்கு இரண்டு தீனார் வீதம் 200 தீனார் கொடுத்து விவகாரம் தீர்ந்தது.

ஆனால் புகார் வந்தாலே குற்றவாளி என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. காதிஸிய்யா போரின் தளபதியும் கூஃபாவின் கவர்னருமான ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மீது கூஃபாவாசிகள் சிலர் வரிசையாகப் புகார் சொன்னார்கள். அவருக்கு ஒழுங்காகத் தொழுவிக்கக்கூடத் தெரியவில்லை என்பது வரை போனது. நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் தொழுத ஒருவரைப் பற்றிய புகார் இது!

உமர் (ரலி) அவர்கள் அதைச் சிரித்து ஒதுக்கவும் இல்லை, அப்படியே நம்பவும் இல்லை. ஸஅத் (ரலி) அவர்களை அழைத்துக் கேட்டார்கள். முதல் இரண்டு ரக்அத்களை நீட்டியும் பிந்திய இரண்டைச் சுருக்கியும், நபி (ஸல்) அவர்கள் தொழுவித்தது போலவே தொழுவிப்பதாக அவர்கள் விளக்கினார்கள். உங்களைப் பற்றி என் எண்ணமும் அதுதான் என்று உமர் (ரலி) சொல்லிவிட்டு, அத்தோடு விடாமல், அவர்களுடன் ஆளனுப்பி கூஃபாவின் பள்ளிவாசல்தோறும் விசாரிக்கச் செய்தார்கள். எல்லா இடத்திலும் நல்லதாகவே சொன்னார்கள். பனூ அப்ஸ் கூட்டத்தாரின் பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து குறை சொன்னார்.

குழப்பம் தீரவேண்டும் என்பதற்காக உமர் (ரலி) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களைப் பதவியிலிருந்து மாற்றி, அம்மார் (ரலி) அவர்களை நியமித்தார்கள். ஸஅத் (ரலி) அவர்களும் பதவி போனதே என்று கலீஃபாவுக்கு எதிராகக் கிளம்பவில்லை.

கதை இங்கே முடியவில்லை. அதன் முடிவு உமர் (ரலி) அவர்களின் மரணப் படுக்கையில் இருக்கிறது.

இறுதி நாட்கள்

ஹிஜ்ரி 23, துல்ஹஜ் மாதக் கடைசி. கி.பி. 644. ஃபஜ்ர் தொழுகையில் அவர்கள் குத்தப்பட்டார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, இராக்கில் நிலவரி விதித்த ஹுதைஃபா (ரலி), உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) இருவரையும் நிறுத்தி, நிலம் தாங்க முடியாத வரியைச் சுமத்திவிட்டீர்களோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் புகார் சொல்வதற்கு முன்பே தம் வேலையில் தாமே குறை தேடினார்கள்.

படுக்கையில் கிடந்தபோது ஓர் இளைஞர் வந்து அவர்களைப் புகழ்ந்து நற்செய்தி சொன்னார். எனக்குச் சாதகமும் இல்லாமல் பாதகமும் இல்லாமல் சரிக்குச் சரியாகப் போனால் போதும் என்று பதிலளித்தார்கள். விமர்சனம் அவர்களை உடைக்காததற்கு இதுதான் காரணம். புகழ்ச்சியையும் அவர்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அந்த இளைஞர் திரும்பிப் போகும்போது அவருடைய ஆடை தரையில் இழுபடுவதைக் கண்டார்கள். அவரைத் திரும்ப அழைத்து, சகோதரர் மகனே என்று அன்போடு விளித்து, ஆடையை உயர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். ஆடைக்கும் அது சுத்தம், இறையச்சத்துக்கும் அது நெருக்கம் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். உயிர் போகும் வேளையிலும் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். எப்படிப்பட்ட சொல்லால்! ஒட்டக மேய்ச்சலில் தந்தையிடம் அடி வாங்கிய அந்தச் சிறுவர், குறை சொல்லும் முறையையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். உஸ்மான், அலீ, ஸுபைர், தல்ஹா, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). ஆறாவது யார்? ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி). பதவி நீக்கப்பட்ட அதே ஸஅத்! தலைமை அவருக்குக் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கலீஃபாவாக வருபவர் அவருடைய உதவியைப் பெற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். தாம் அவரை நீக்கியது அவருடைய இயலாமைக்காகவும் அல்ல, மோசடிக்காகவும் அல்ல என்று எல்லோர் முன்னிலையிலும் தெளிவுபடுத்தினார்கள். பிறகு உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஸஅத் (ரலி) மீண்டும் கூஃபாவின் கவர்னரானார்கள்.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

அன்புச் சகோதரர்களே! இந்த வாழ்க்கை முழுவதிலும் ஒரே விஷயம் ஓடுகிறது. உமர் (ரலி) அவர்கள் வேலையையும் மனிதரையும் தனித்தனியாக வைத்தார்கள். தம் விதியைக் குறை சொன்னால், தம்மையே குறை சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் விதியை மாற்ற முடிந்தது. ஸஅத் (ரலி) அவர்களைப் பொறுப்பிலிருந்து மாற்றினார்கள், ஆனால் அவர்களின் கண்ணியத்தைக் குறைக்கவில்லை. அதனால் அதைப் பிறகு பகிரங்கமாகக் காக்க முடிந்தது.

நாமோ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். கணக்கில் ஒரு பிழை என்று சொன்னால், என்னைத் திருடன் என்கிறாயா என்று கேட்கிறோம். ஒரு பணியாளர் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டால், நீ எதற்கும் லாயக்கில்லை என்று அவருடைய முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இனிமேல் ஒரு குறை வந்தால், முதலில் நிற்போம். சொன்னவர் யார் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, சொன்னது உண்மையா என்று பார்ப்போம். உண்மையானால் ஒப்புக்கொண்டு, அந்த வேலையைத் திருத்துவோம். பாதி உண்மையானால் அந்தப் பாதியை எடுத்துக்கொள்வோம். உண்மை இல்லையென்றால் காரணத்தை அமைதியாக விளக்குவோம். அறியாமையால் வந்ததென்றால் மன்னித்து நகர்ந்துவிடுவோம். நாளை மறுமையில் நம் குறைகள் ஒன்றுவிடாமல் நம் முன்னால் வைக்கப்படும். அங்கே திருத்த வாய்ப்பு இல்லை. இங்கே ஒருவர் நம் குறையைக் காட்டித் தந்தால், அவகாசம் இருக்கும்போதே காட்டித் தந்திருக்கிறார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக! நம் குறைகளை நமக்கு அன்போடு எடுத்துச் சொல்லும் நண்பர்களைத் தருவானாக! அதைக் கேட்டுத் திருந்தும் மனதையும், பிறர் குறையை அவர் மனம் நோகாமல் சொல்லும் நாவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.